கடமையும் காதற்கதையும்: சார்லற் புறொன்ரியின் நாவல்கள்

ஆங்கிலத்திலே காதலைப் பொருளாகக் கொண்டெழுந்த நாவல்கள் எண்ணிறந்தன. அவற்றுள், 1847ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்திலே கரர் பெல் என்னும் புனைபெயர் தாங்கி வெளிவந்த ‘ஜேன் அயர்’ தனித்ததோர் இடம் பெற்றது. அழகும் செல்வமும் இல்லாதவளாய், பிறர் வீட்டிலே வேதனம் பெற்றுப் பாடஞ் சொல்லுபவளாய் உள்ள ஒருத்தி காதற்கதையின் தலைவியாதல் கூடும் என்பதை அந்நூல் நிலைநாட்டிற்று. செல்வச் செருக்கும் மறைபொருளும் உடைய தலைவன் ஒருவன், அவன் மனைக்குப் பணியின் பொருட்டு வந்து சேரும் தலைவி ஒருத்தி என்னும் அமைப்பு அதன் பின்னர் எத்தனையோ எழுத்தாளர் கைப்பட்டுத் தேய்ந்து போயிற்று. மூலநூலோ தேயவில்லை.

அதனை இயற்றிய சார்லற் புறொன்ரி, யோக்சயரிலுள்ள ஹாவேத் என்னும் மலையூரிலே குருமனையில் வாழ்ந்தவர். ஐந்து வயதில் தாயை இழந்தார். ஒன்பது வயதில் தமக்கையர் இருவரை இழந்து, எஞ்சிய மக்களுள் மூத்தவராயினார். பாடசாலையிலும் பிறர் இல்லங்களிலும் ஆசிரியத் தொழில் செய்தார். கண்ணொளி குன்றிய தந்தைக்குக் கண்ணாய் இருந்தார். இத்தகைய ஒருவர் எழுதுதற்கு நேரம் எங்ஙனம் பெற்றார் என்னும் வினா அவர் காலந்தொட்டு எழுந்து வருகின்றது. அதனினும் அரிய வினா ஒன்றுண்டு. தொழில், குடும்பம், எழுத்து என்னும் மூன்றையும் ஒருங்கே சுமந்த அவர், தம் கதைத் தலைவியருக்கு அச்சுமையை எவ்வாறு பகிர்ந்தளித்தார்? முதல் வினாவுக்கு விடை கூறினோர் பலர். இரண்டாவதற்கு விடையை அவருடைய நூல்களுள்ளேயே தேடுதல் வேண்டும்.

முதல் வினாவுக்கு விடை கூறினோருள் தலையாயவர் கஸ்கெல் அம்மையார். சார்லற் இறந்தபின் அவர் தந்தையாரின் வேண்டுகோளுக்கிணங்க இவ்வம்மையார் எழுதிய வாழ்க்கை வரலாறு 1857இல் வெளிவந்தது. ஓர் ஆண்மகன் எழுத்தாளனாகும்போது அவன் விட்ட தொழிலை வேறொருவன் ஏற்றுக்கொள்வான். ஒரு பெண் எழுத்தாளராகும்போது மகளாய், மனைவியாய், தாயாய் அவள் ஆற்றிய கடமைகளை ஏற்பார் பிறரில்லை. அதுபற்றித் தன் ஆற்றலை அவள் புதைத்துவிடுதலும் தகாது என்பது அந்நூலிற் காணப்படும் கருத்து. இவ்வாறு எழுதியவர், மன்செஸ்ரர் நகரிலே குருவானவர் ஒருவருக்கு மனைவியாய், பெண்மக்கள் நால்வருக்குத் தாயாய், உணவறை மேசையிலிருந்து நாவல்களை எழுதியவர் என்பதை நினைவுகூர்தல் நன்று. அவர் தம் அநுபவத்தையே பேசினார். ஆயின் அவர் அவ்வளவில் நில்லாது, புகழ்பெற்றபின் சார்லற்றின் வாழ்வு இரண்டு ஓடைகளாகப் பிரிந்து ஓடிற்று என்றும், ஒன்று எழுத்தாளரது, மற்றையது பெண்மகளது என்றும் வகுத்துக் காட்டினார்.

இவ்வகுப்பிற்கு ஒரு காரணம் உண்டு. 1848ஆம் ஆண்டின் இறுதியிலே ‘குவாட்டர்லி ரிவியூ’ என்னும் சஞ்சிகையில் வெளிவந்த மதிப்புரை ஒன்று, ‘ஜேன் அயரை’ எழுதியவர் ஒரு பெண்ணாயின் அவர் நற்பெண்டிர் கூட்டுறவினை நெடுங்காலம் இழந்தவராதல் வேண்டும் என்னும் கருத்துப்படக் கொடிதாய் எழுதிற்று. அப்பழியினின்றும் தம் தோழியை மீட்க விழைந்த கஸ்கெல் அம்மையார், எழுத்தாளரைப் பின்னே நிறுத்தி, நற்குண மகளை முன்னே நிறுத்தினார். தாபி என்னும் முதிய பணிப்பெண்ணுக்குப் பார்வை மங்கியமையால் உருளைக்கிழங்கின் கறைகளை அவள் சரிவர நீக்குவதில்லை. அதனைச் சுட்டிக் கூறி முதியவள் மனத்தைப் புண்படுத்த விரும்பாத சார்லற், எழுதிக்கொண்டிருக்கும் கதையை இடையிலே விட்டு எழுந்து, ஓசைப்படாது பாத்திரத்தை எடுத்துச் சென்று, கறைகளை அகழ்ந்தெடுத்து, மீண்டும் இருந்த இடத்தில் வைத்துவிடுவார் என்பது அந்நூல் கூறும் செய்திகளுள் ஒன்று. அழகிய செய்தி, ஐயுறவேண்டியதுமன்று. எனினும் அதனைப் படிப்போர், எழுத்து வேறு, அடுக்களை வேறு, இரண்டுக்கும் இடையே ஒரு கதவுண்டு, அக்கதவைத் திறந்து மூடுவதிலேதான் அம்மையாரின் பெருமை அடங்கியிருக்கிறது என்ற எண்ணத்துடன் நூலை மூடிவிடுவர். நாவல்களோ வேறு கதை கூறுகின்றன.

எழுத்தை மேற்கொள்ள எண்ணிய இளம் பருவத்திலேயே சார்லற் இவ்வெண்ணத்தை எதிர்கொண்டவர். றோ ஹெட் பாடசாலையில் ஆசிரியையாயிருந்த காலத்தில், தம் கவிதைகளை அரசவைக் கவிஞர் றொபேட் சௌதேயிடம் அனுப்பினார். 1837 மார்ச்சிலே மறுமொழி வந்தது. இலக்கியம் பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாதல் இயலாது, ஆதலும் ஆகாது என்பது அதன் சாரம். சார்லற் பணிவுடன் விடையெழுதினார். தமக்குரிய கடமைகளை எல்லாம் கருத்துடன் ஆற்ற முயல்வதாகவும், ஆயினும் பாடஞ் சொல்லும்போதும் தையல் வேலை செய்யும்போதும் படிப்பதையும் எழுதுவதையுமே சில வேளைகளில் மனம் நாடுவதாகவும் அவ்விடையிற் கூறினார். பணிவிலே கலந்த அந்த ஒரு வாக்கியம் அறிவுரை முழுவதற்கும் போதிய மறுப்பு. சௌதேயின் கடிதத்தை என்றும் பேணற்குரியதெனக் குறித்து, தம் இருபத்தோராம் பிறந்த நாளன்று எடுத்து வைத்தார், எழுதுவதை விட்டாரில்லை.

அக்காலத்து அவர் எழுதிய குறிப்புக்கள் பணிவற்றவை. மாணவியரின் மந்தத்தையும் சோம்பலையும் பொறுத்துக்கொண்டு வாழ்நாளின் சிறந்த பகுதியைக் கழிப்பதோ என்று அவற்றிலே குமுறுகின்றார். உள்ளத்திலே கற்பனை நாடொன்று விரிந்து வரும் வேளையில் ஒரு மாணவி பாடக் கொப்பியுடன் வந்து நிற்பாள், நாடு மறைந்துவிடும். ஆசிரியத் தொழிலிலே பயின்றோர் இதனைப் படித்து முறுவலியாதிருத்தல் அரிது. பின்னர் 1841இல் ஓர் இல்லத்தில் வீட்டாசிரியையாக அமர்ந்தபோது ஆண்டுக்கு 20 பவுண் சம்பளம் பேசப்பட்டது. துணி வெளுத்தற் செலவு கழிய எஞ்சியது ஏறக்குறைய 16 பவுண். தங்கையருடன் சொந்தமாகப் பாடசாலை நடத்தக் கருதி 1842இலே பிரசெல்ஸ் நகருக்குப் பிரெஞ்சுமொழி பயிலச் சென்றார். ஆங்கே மணமான ஆசிரியர் ஹேகர்மீது அவர் கொண்ட பேரன்பு அவருடைய கடிதங்களால் அறியப்படுகின்றது. அக்கடிதங்கள் 1913இல் ‘ரைம்ஸ்’ பத்திரிகையில் வெளியாகும்வரை பொதுமக்கள் உண்மையை அறிந்திலர். கஸ்கெல் அம்மையார் அவற்றைப் பற்றி அறிந்திருந்தும் வேண்டிய பகுதிகளை மட்டும் எடுத்தாண்டார். 1844இலே பாடசாலைக்கான விளம்பரம் அச்சிடப்பட்டது. உணவும் உறைவிடமும் கல்வியும் சேர ஆண்டுக்கு 35 பவுண். மாணவி ஒருத்தியேனும் வரவில்லை. சகோதரியர் மூவரும் தங்கள் செலவில் 1846இல் வெளியிட்ட கவிதைத் தொகுதியும் முதலாண்டில் இரண்டு பிரதிகளே விலைப்பட்டது.

அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்திலேயே ‘ஜேன் அயர்’ தோன்றியது. தோன்றிய இடம் கருதத்தக்கது. தந்தையாருக்குக் கண்புரை நீக்கும் பொருட்டுச் சார்லற் அவரை மன்செஸ்ரருக்கு அழைத்துச் சென்றார். மயக்க மருந்து வழக்கில் வராத காலம். தந்தையார் விரும்பியபடி மகளார் சத்திரசிகிச்சை முடியும்வரை அதே அறையில் இருந்தார். ஒரு கண்ணுக்கே சிகிச்சை செய்யப்பட்டது. பின்னர், கண் கட்டப்பட்ட முதியவர் இருண்ட அறையிலே வாரக்கணக்கில் அசைவின்றிக் கிடக்க, பல்வலியால் வருந்திய மகளார் அயலிலே இருந்தார். சிகிச்சை நடந்த நாளிலேயே அவரது முதல் நாவலாகிய ‘பேராசிரியர்’ பதிப்பாளரால் மறுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. அந்த வாடகை வீட்டிலேதான் புதிய நாவலைத் தொடங்கினார்.

அந்நாவலின் முடிவை ஈண்டு நினைவுகூர்க. தீயிலே பார்வையையும் ஒரு கையையும் இழந்த றொச்செஸ்ரருக்கு ஜேன் கண்ணாகின்றாள். காட்சிகளைச் சொல்லால் எடுத்துரைக்கின்றாள். நூல்களைப் படித்துக் காட்டுகின்றாள். இரண்டாண்டு கழிந்தபின் அவன் ஒரு கண்ணிலே ஒளி பெறுகின்றான். ஒரு கண்ணிலே மட்டும்! மகளாகச் செய்த பணிவிடை மனைவியின் பணிவிடையாக உருமாறிற்று. இருண்ட அறையில் ஒரு மகள் அறிந்தது, காதற்கதையின் மிக உருக்கமான இடமாயிற்று. இங்கே இரண்டு ஓடைகளை எவரே பிரித்தறிய வல்லார்?

தொழிலும் அவ்வாறே கதைக்குட் புகுந்தது. காதற்கதைகளிலே தலைவியின் வருவாய் சில்லிங் கணக்கிற் கூறப்படுதல் வழக்கன்று. சார்லற்றோ கணக்கை மறவார். லோவூட் பாடசாலையிலே ஜேனுக்கு ஆண்டுக்கு 15 பவுண். தோண்பீல்ட் மாளிகையில் 30. றொச்செஸ்ரர் மணம் பேசியபின் பட்டும் மணியும் வாங்கிக் குவிக்க முற்படுகையில் அவள் கூசுகின்றாள். மணநாள் வரையும் சிறுமி அடேலுக்குப் பாடஞ் சொல்லி, உணவையும் உறைவிடத்தையும் 30 பவுணையும் உழைத்தே பெறுவேன் என்கின்றாள். இஃது ஊடலன்று. தன் உழைப்பால் உண்பவள் காதலிக்கும்போது எதனை இழக்க அஞ்சுவாள் என்பதைச் சம்பளம் வாங்கியறிந்த ஒருவரே இவ்வாறு எழுதுதல் கூடும். பின்னர்ச் சிற்றப்பன் சொத்தாக வந்த 20,000 பவுணை நான்கு கூறாக்கி, மூன்றை உறவினர்க்கு ஈந்து ஒன்றைத் தனக்கு வைத்தபின்னரே றொச்செஸ்ரரைத் தேடிச் செல்கின்றாள். கையிற் பொருளுடையவளாய், எவருக்கும் கடமைப்படாதவளாய்ச் செல்கின்றாள்.

வேர்ஜீனியா வூல்வ் 1929இல் வெளிவந்த ‘தனக்கென ஓர் அறை’ என்னும் நூலிலே இந்நாவலைக் குறைகூறினார். ஆசிரியரின் சினம் கதையைக் கிழித்துக்கொண்டு வெளிப்படுகின்றது என்பதும், மூன்று நாவல்களின் பதிப்புரிமையை 1500 பவுணுக்கு விற்றுவிட்ட அவருக்கு ஆண்டுதோறும் 300 பவுண் வருவாய் இருந்திருப்பின் நிலைமை வேறாயிருக்கும் என்பதும் அவர் கருத்து. சினம் உண்டு என்பது மெய். வருவாய் இருந்திருப்பின் சார்லற் இன்னும் பல நூல்கள் எழுதியிருப்பார் என்பதும் மெய்யாகலாம். ஆனால் அவ்வருவாயுடையவர் 30 பவுணின் அருமையை மையமாகக் கொண்டு ஒரு காதற்கதை எழுதியிருப்பாரா என்பதே ஐயம்.

இனி, பலரும் விரைந்து படித்துக் கடந்துவிடும் ஓரிடத்துக்கு வருதல் வேண்டும். ‘ஜேன் அயரின்’ இறுதி அத்தியாயத்திலே, அடேலுக்கு மீண்டும் தானே ஆசிரியையாதல் வேண்டும் என்று ஜேன் எண்ணியதாகவும், ஆயின் கணவனுக்கே தன் நேரமும் கவனமும் முழுதும் வேண்டியிருந்தமையால் அஃது இயலாது போயிற்று என்றும், சிறுமி பாடசாலைக்கு அனுப்பப்பட்டாள் என்றும் கூறப்படுகின்றது. அவ்வளவே. மணநாளுக்கு முன் அத்துணை உறுதியுடன் காக்கப்பட்ட தொழில், மணத்தின்பின் ஓரிரு வாக்கியங்களிலே கைவிடப்படுகின்றது. ஜேன் வருந்தியதாகவும் குறிப்பில்லை. பிற இடங்களிலே ஒவ்வோர் உணர்ச்சியையும் பக்கக் கணக்கில் ஆராயும் ஆசிரியர், இங்கே மட்டும் ஏன் விரைகின்றார்? இவ்விரைவே நாவலின் மெலிவான இடம். ஆசிரியருக்கு விடை தெரியாத இடமும் இதுவே.

1853 சனவரியில் வெளிவந்த ‘வில்லெற்’ அதே வினாவை மறுபுறத்தினின்று நோக்குகின்றது. லூசி ஸ்னோ அந்நிய நகரிலே பாடசாலை ஆசிரியை. போல் இமானுவேல் என்னும் கடுஞ்சொல் ஆசிரியர் அவளை விரும்பி, அவளுக்கெனச் சிறிய பாடசாலை ஒன்றை அமைத்துக் கொடுத்து, மேலைத்தீவுகளுக்கு மூன்றாண்டு செல்கின்றார். அம்மூன்றாண்டே தன் வாழ்நாளிற் பெருமகிழ்வுடையன என்கின்றாள் லூசி. காதலன் அருகில்லாத ஆண்டுகள் எங்ஙனம் மகிழ்வுடையனவாயின? கடிதங்கள் தவறாது வருகின்றன, பாடசாலை வளர்கின்றது, அன்பும் உண்டு, தொழிலும் உண்டு, இரண்டும் ஒரு கூரையின் கீழ் இல்லாமையால் ஒன்றையொன்று விழுங்கவில்லை. அவர் மீளும் வேளையிற் கடலிலே பெரும்புயல் வீசுகின்றது. அவர் மாண்டார் என்று நூல் வெளிப்படக் கூறுவதில்லை. துன்ப முடிவை விரும்பாத தந்தையார், கதை இன்பமாய் முடிதல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டமையாலே சார்லற் அம்முடிவைத் திரையிட்டு மறைத்தார் எனக் கஸ்கெல் அம்மையார் எழுதுகின்றார். மகளின் கீழ்ப்படிவு ஈண்டும் கதைக்குட் புகுந்தது. இன்பமுடிவு எழுதவும் மனம் ஒப்பவில்லை, தந்தை சொல்லைத் தட்டவும் மனம் வரவில்லை. அவ்விரண்டின் இடையிலே பிறந்த அந்த மயக்கம், வெளிப்படையான எந்த முடிவினும் சிறந்து நிற்கின்றது. வீட்டுக் கடமை கலையைக் கெடுக்கும் என்போர் இப்பக்கத்தை ஒருமுறை படித்தல் நன்று.

எனவே, ஜேன் கணவனைப் பெற்றுத் தொழிலை இழந்தாள்; லூசி தொழிலைப் பெற்றுக் காதலனை இழந்தாள். ‘ஷேர்லி’ நாவலிலே கரொலைன் வீட்டாசிரியையாகச் செல்லவேனும் அனுமதி வேண்டி, அது மறுக்கப்பட்டு, ஈற்றில் மணம் பெறுகின்றாள். சகோதரரும் தங்கையர் இருவரும் 1848 செப்ரெம்பருக்கும் 1849 மேக்கும் இடையில் ஒருவர்பின் ஒருவராக மாண்ட காலத்திலே எழுதி முடிக்கப்பட்ட அந்நூலை இந்த ஒன்று பற்றிக் கடிந்து பேசுதல் முறையன்று.

இரண்டையும் ஒருங்கே பெற்ற தலைவி சார்லற்றின் நூல்களில் ஒருத்தியே உளள். அவள், பதிப்பாளர் பலராலும் தள்ளப்பட்டு, ஆசிரியர் இறந்தபின் 1857இலே அச்சேறிய ‘பேராசிரியர்’ நாவலில் வரும் பிரான்சிஸ். மணத்தின் பின்னும் தொழிலை விடேன் என்று அவள் கூற, கணவன் இசைகின்றான். அவள் பாடசாலை நிறுவித் தலைவியாகின்றாள். பகலிலே கண்டிப்பு மிக்க அதிபர், மாலையிலே அன்பு கனிந்த மனைவி. தனக்கு மனைவியர் இருவர் வாய்த்தனரோ என்று கணவன் வியக்கின்றான். ஒரு மகனும் பிறக்கின்றான். அனைத்தும் ஒழுங்காய் நடைபெறுகின்றன. ஆயினும் இந்நாவல் சார்லற்றின் நூல்களுட் சுவை குன்றியது. உழைத்து வாழும் மெய்யான மனிதரை எழுதினமையாற் பதிப்பாளர் விரும்பவில்லை, அவர்கள் வியப்பான நிகழ்ச்சிகளையே நாடினர் என்று சார்லற் முன்னுரையிலே குறைப்பட்டார். அது காரணமன்று. ‘ஜேன் அயரும்’ உழைத்து வாழ்பவளின் கதையே.

உண்மைக் காரணம் வேறு. ‘பேராசிரியர்’ கதையைக் கூறுபவன் கணவன். பிரான்சிஸ் இரண்டு கடமைகளையும் தாங்குவதை அவன் வெளியே நின்று காண்கின்றான். மாலையிலே கதவு திறக்கின்றது; அதிபர் மறைந்து மனைவி தோன்றுகின்றாள். கதவுக்கு அப்பால் நிகழ்ந்த மாற்றம் எத்தகையது, அதற்கு அவள் கொடுத்த விலை யாது, இரவிலே அவள் களைத்திருந்தாளா, இவற்றுள் ஒன்றும் அவன் அறியான். தொழிலும் குடும்பமும் இனிது பொருந்தி நடப்பதாய்த் தோன்றுவது, சாய்வு நாற்காலியில் இருந்து நோக்குவோனுக்கே. பின்வந்த இரு பெருநாவல்களிலே பெண்ணே கதை கூறுகின்றாள். கூறத் தொடங்கியவுடன் அப்பொருத்தம் குலைந்து போகின்றது. கற்பனையிலேயாவது அதனை எளிதாக்கிக் காட்டச் சார்லற்றுக்கு மனம் இசையவில்லை. அடுக்களைக் கதவை ஓசைப்படாது திறந்து மூடியவர், அக்கதவின் கனத்தை அறிவார். கஸ்கெல் அம்மையார் காட்டும் சார்லற், பிரான்சிசைப் போன்றவர். நாவல்களுள்ளே பேசும் சார்லற் அவ்வாறல்லர்.

1854 யூன் 29இல் சார்லற், தந்தையாரின் துணைக் குருவானவராகிய நிக்கொல்சை மணந்தார். தந்தையை விட்டுப் பிரிதல் இயலாமையின், மருமகனார் ஹாவேத்திலேயே தங்க உடன்பட்டார். மணவாழ்வு இனிதாகவே அமைந்தது. ஆயினும் தோழி எலன் நசிக்கு எழுதிய கடிதங்களிலே, தம் பொழுது முன்போல் இல்லை என்றும், கணவர் காரியத்திற் கருத்துடையவர் ஆதலின் சிந்திப்பதற்கு நேரம் குறைந்துவிட்டது என்றும் குறிப்பிட்டார். குறைகூறும் தொனி அதில் இல்லை. அடேலைப் பாடசாலைக்கு அனுப்பிய ஜேனின் வாக்கியத்தை அறிந்தோர்க்கு அத்தொனி புதிதுமன்று. அக்கடிதங்களை எரித்துவிடும்படி நிக்கொல்ஸ் கேட்டதும், எலன் எரியாது விட்டதும் இலக்கிய உலகின் நற்பேறு.

மணத்துக்கு முன்னரே ‘எம்மா’ என்னும் புதிய நாவலின் தொடக்கத்தை அவர் எழுதி வைத்திருந்தார். அதனைக் கூறுபவள் மக்கட்பேறில்லாத கைம்பெண்; களம் மீண்டும் ஒரு பாடசாலை. மணமான ஆண்டின் இறுதியில் ஓரிரவு அதனை எடுத்துக் கணவருக்குப் படித்துக் காட்டினார். மறுபடியும் பாடசாலையா, கூறியதையே கூறுகின்றார் என விமரிசகர் சொல்வரே என்றார் நிக்கொல்ஸ். அதனை மாற்றிவிடுவதாகவும், எந்தக் கதையையும் இரண்டு மூன்று முறை தொடங்கியே தமக்குப் பழக்கம் என்றும் சார்லற் மறுமொழி கூறினார். 1855 மார்ச் 31இலே, கருவுற்றிருந்த நிலையில், தம் 38ஆம் வயதிற் காலமானார். 1860இலே தக்கரேயின் முன்னுரையுடன் ‘கோண்ஹில்’ சஞ்சிகையில் வெளிவந்தது, மாற்றப்படாத அந்தத் தொடக்கமே.